பாட்டிகளைப் பிரசவத்துக்கே செலவழித்துவிட்டோம்

2023 மார்ச் கடைசி வாரத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மகன் பிறந்தான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கையளவுப் பிஞ்சைப் பார்த்துக்கொள்ள நான், கணவர், திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அம்மா என்று மூன்று பேர் இருந்தோம். போதாக்குறைக்குத் தினமும் வீடு தேடி வரும் மருத்துவச்சி. சரியாக ஓராண்டு கழித்து நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை. இந்த இரண்டுக்கும் முன்பும் நடுவிலும் பிறகும் நாங்கள் செய்த தப்புகளுக்கு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுமார் 11,000 யூரோ வந்தது. போன தூக்கத்தையும், கணவரோடு பேசாமல் இருந்த நாட்களையும் அதில் சேர்க்கவில்லை. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. ஆளாளுக்குச் சொன்னார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் எனக்கு மென்பொருள் சோதனை வேலை. எங்கள் பிரிவில் ஏழு நாட்டுப் பெண்கள். வயிறு தெரியத் தொடங்கியதும் மதியச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு யோசனை. பிரான்ஸ் தோழிக்கு நான் ஓராண்டு விடுப்பு எடுப்பதே வியப்பு. அவர்கள் நாட்டில் முதல் குழந்தைக்குப் பேறுகால விடுப்பு 16 வாரம், அதில் பிரசவத்துக்குப் பின் பத்து வாரம்தான். அவள் மூன்று மாதத்துப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்ற உணர்ச்சியின் நிழல்கூட இல்லை. போலந்துத் தோழி, "அம்மாவைக் கூப்பிட்டுக்கொள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றாள். இந்த ஊர்ப் பெண் ஒருத்தி, மூன்று ஆண்டும் வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் பாதி நேர வேலைக்கு வருவதுதான் குழந்தைக்கு நல்லது என்றாள். நான் கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பிறக்கும்போது அம்மா, ஓராண்டில் காப்பகம், தேவைப்பட்டால் பாதி நேரம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவரின் யோசனைக்கும் அடியில் ஒரு தாங்கல் இருந்ததையும், யோசனையை மட்டும் உருவிக்கொண்டு தாங்கலை அவர்களிடமே விட்டுவிட்டு வந்ததையும் கவனிக்கவில்லை.

ஜெர்மன் மொழியில் 'ராபென்முட்டர்' என்று ஒரு வசவு உண்டு. அண்டங்காக்கைத் தாய் என்று பொருள். பிள்ளையைக் கூட்டில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் பறந்துபோகிறவளாம். சிறு குழந்தையை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போகும் பெண்ணை அந்தக் காலத்து மாமியார்கள் அப்படிச் சொல்வார்கள், இன்றும் முணுமுணுப்பாகக் காதில் விழும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டு வளர்ந்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதே காக்கை! பின்னால் அந்தச் சொல் எனக்கே பொருந்துகிறதோ என்று நடுராத்திரியில் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1977 வரைக்கும், இல்லறக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. இன்றும் இங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பகுதி நேரம்தான். அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம் வரியிலும் பள்ளி நேரத்திலும் ஒளிந்திருக்கிறது.

வரியில் ஒளிந்திருந்ததுதான் எங்களை முதலில் கடித்தது. திருமணமானதும் நண்பர் ஒருவர் சொன்னபடி கணவருக்கு மூன்றாம் வரி வகுப்பு, எனக்கு ஐந்தாம் வகுப்பு என்று வைத்துக்கொண்டோம். மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை இந்த வகுப்புதான் முடிவு செய்யும். சம்பளம் கூடுதலாக இருப்பவருக்குக் குறைவாகப் பிடிக்கும் மூன்று, மற்றவருக்கு அதிகமாகப் பிடிக்கும் ஐந்து. மாதாமாதம் குடும்பத்துக்குக் கைக்கு வருவது கொஞ்சம் அதிகம், ஆண்டு முடிவில் கணக்குச் சரியாகிவிடும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் குழந்தையோடு வீட்டில் இருப்பவருக்கு அரசு தரும் எல்டர்ன்கெல்ட் என்ற உதவித்தொகை, பிரசவ விடுப்புக்கு முந்திய 12 மாதங்களில் கைக்கு வந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எனக்கு அதில் 65 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் என் சம்பளத்தில் வரி அள்ளிக்கொண்டு போயிருந்ததால், இருவருக்கும் ஒரே மாதிரியான நான்காம் வகுப்பில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சுமார் 1,600 யூரோவுக்குப் பதில் மாதம் 1,290 தான் வந்தது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம் நிறுவனம் ஈடுகட்டும் பணமும் கைச்சம்பளத்தை வைத்துத்தான். இரண்டும் சேர்த்து 4,500 யூரோவுக்குக் குறையாது. இது ஆண்டுக் கணக்கில் திரும்ப வராது. போனது போனதுதான். வகுப்பை மாற்ற இணையத்தில் ஒரு படிவம் போதும், ஆனால் அந்த 12 மாதத்தில் ஏழு மாதமாவது புதிய வகுப்பில் இருக்க வேண்டும். சோதனைப் பட்டையில் கோடு தெரிந்த பிறகு ஓடினால்கூட மயிரிழையில் தவறிவிடும். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த மாதமே மாற்றுங்கள். உதவித்தொகைக்கு வரி இல்லை என்றாலும் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது ஏற்றிவிடும், அடுத்த ஆண்டு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். கொஞ்சம் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அம்மா வந்த கதைக்கு வருகிறேன். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. நான் வளர்ந்தது அப்பத்தா மடியில். அம்மா காலையில் ஏழரைப் பேருந்தைப் பிடிக்க ஓடியதும் அப்பத்தா எனக்குப் பருப்புச் சாதம் பிசைந்ததும்தான் என் முதல் நினைவுகள். வேலையையும் வீட்டையும் அம்மா எப்படிச் சமாளித்தார் என்று யாராவது கேட்டால், அப்பத்தாவின் முதுகில் ஏறி நின்று என்பதுதான் உண்மையான பதில். சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பையெல்லாம் போட்டு அம்மா 88 நாள் என்னோடு இருந்தார். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல் எல்லாம் நடந்தது. ஜன்னலைத் திற என்பார் மருத்துவச்சி, மூடு என்பார் அம்மா. இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் சண்டை வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை, ஜெர்மானியர்களும் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு முதல் எட்டு வாரத்தை 'வோஹன்பெட்', வாரக்கணக்குப் படுக்கை, என்றுதான் சொல்கிறார்கள். முதல் பத்து நாள் மருத்துவச்சி தினமும் வரலாம், செலவு காப்பீட்டுடையது. சாப்பாடு கட்டிக் கொண்டுவரும் வழக்கம் அக்கம்பக்கத்திலும் இருக்கிறது. எங்கள் மாடிப்படியை முறை வைத்துக் கூட்டும் வாரத்தில் ஒரு இலை விழுந்திருந்தால்கூடக் கதவைத் தட்டும் கீழ்வீட்டம்மாவே ஒரு பாத்திரம் நிறையப் பயறு சூப் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, உதவி அதிகம் கிடைக்கும் அந்தக் காலத்திலேயே அம்மாவை வரவழைத்தோம். கணவரும் தன் பங்கு இரண்டு மாத விடுப்பை மகன் பிறந்த முதல் இரண்டு மாதத்திலேயே எடுத்துவிட்டார். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன வேலை? பால், தூக்கம், துணி. அதற்கு மூன்று பெரியவர்கள். விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கித் தின்ற கதை. இன்று யாராவது கேட்டால் நான் சொல்வது, அம்மாவை அழைக்காதீர்கள் என்றல்ல. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் நானே செத்திருப்பேன். ஆனால் கணவரின் விடுப்பையும் மற்ற பாட்டியையும் நீங்கள் வேலைக்குத் திரும்பும் மாதத்துக்கு என்று எடுத்து வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் பிறந்த குழந்தைகளுக்கு இருவரும் ஒரே நேரத்தில் உதவித்தொகையோடு வீட்டில் இருப்பது பொதுவாக ஒரு மாதம்தான், அதுவும் முதல் 12 மாதத்துக்குள் என்று சட்டமே மாறிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வகையில் நல்லதுதான்.

மற்ற பாட்டியை என்ன செய்தோம் தெரியுமா? பேரனின் முதல் பொங்கலுக்கு வரவழைத்தோம். அத்தை 2023 டிசம்பர் முதல் வாரம் வந்து பிப்ரவரி கடைசியில் கிளம்பினார். சர்க்கரைப் பொங்கல் வைத்தோம், வேட்டி கட்டிப் படம் எடுத்தோம். நான் வேலைக்குச் சேர வேண்டியது மார்ச் கடைசி. அந்த 90 நாள் கணக்கில் அத்தை மறுபடி வர மே கடைசி ஆகிவிடும். அம்மாவுக்கு ஆண்டுத் தேர்வு, விடுப்பும் தீர்ந்துவிட்டது. போலந்துத் தோழியின் அம்மா பேருந்தில் ஏறினால் மறுநாள் காலை இங்கே. விசா கிடையாது, நாள் கணக்கு கிடையாது. "அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்" என்று அவள் சொன்னது அந்தப் பேருந்தையும் சேர்த்துத்தான். 2024 மார்ச் 1 முதல் இங்கே தகுதித் தொழிலாளர் வசிப்பு அனுமதியை முதல்முறையாகப் பெற்றவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வழி வந்திருக்கிறது, செலவையும் காப்பீட்டையும் அவர்களே ஏற்க வேண்டும். 2017-இல் வந்த எங்களுக்கு அது பொருந்தாது.

காப்பகத்துக்கு இங்கே 'கீட்டா' என்று பெயர். அம்மா கடைசிவரைக்கும் அதை யாரோ கீதா என்கிற பெண் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கீதாகிட்ட பேசிட்டியாம்மா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் மகனுக்கு ஏழு மாதம் ஆனபோதுதான் பதிவு செய்தோம். மற்றவர்கள் வயிற்றில் இருக்கும்போதே பதிகிறார்கள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், மாதத்தைக் கவனிக்காதது. பெரிய பிள்ளைகள் செப்டம்பரில் பள்ளிக்குப் போகும்போதுதான் கீட்டாவில் இடம் காலியாகிறது. மார்ச்சில் இடம் கேட்பது, அறுவடை முடிந்த வயலில் போய் நெல் கேட்பது மாதிரி. ஒன்பது இடத்தில் கேட்டோம், ஒன்பதிலும் இல்லை. குழந்தை எந்த மாதம் பிறந்தாலும் விடுப்பை அக்டோபர், நவம்பரில் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும்.

விடுப்பை நீட்டிக்கொள்ளலாமே என்று அலட்சியமாக இருந்தேன். மூன்று ஆண்டு வரை உரிமை இருக்கிறதே! அங்கும் ஒரு கண்ணி. பெற்றோர் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும்போது முதல் இரண்டு ஆண்டுக்கான திட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓராண்டு மட்டும் என்று எழுதினால் இரண்டாம் ஆண்டில் வேலைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குமேல் நீட்ட முதலாளி சம்மதிக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் இருந்தவர் குரலை உயர்த்தாமல் இதை விளக்கிவிட்டு, தங்கள் சார்பில் ஐந்து வாரம் சம்பளமில்லாமல் தரலாம் என்றார். அந்த ஐந்து வாரத்தில் சம்பளமும் இல்லை, உதவித்தொகையும் முடிந்துவிட்டது, 2,400 யூரோ போயிற்று. என் தோழிகளிடம் நான் சொல்வது, சந்தேகமிருந்தால் கூடுதலாகக் கேளுங்கள், இடையில் வாரம் 32 மணி நேரம் வரை வேலையும் பார்க்கலாம். 2025 மே மாதத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது, கையெழுத்திட்ட காகிதமே வேண்டும். என் முதல் மின்னஞ்சலைப் பார்த்து அதே மனிதவளக்காரர் போன் செய்து எச்சரித்ததால் தப்பித்தேன்.

அந்த ஐந்து வாரத்தில்தான் அத்தை காணொளியில் அதைச் சொன்னார். "எதுக்கும்மா இப்படி அல்லாடுற? புள்ளைய எங்கிட்ட விட்டுரு. ரெண்டு வயசு முடியட்டும், பேச்சு வந்துரட்டும், கூட்டிட்டுப் போ." மாமாவும் பின்னாலிருந்து தலையாட்டினார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் வந்தது. அன்று இரவு ஸ்டுட்கார்ட்டிலிருந்து சென்னைக்கு டிக்கெட் விலை பார்த்தேன். ஊரில் பேரன் பேத்தியை வளர்க்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும், பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட அலுவலகம் போனேன். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் துருக்கித் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவள் பிள்ளைகளை அடுத்த தெருவிலிருக்கும் அவள் அம்மாதான் வளர்க்கிறார். துருக்கியில் அம்மாவின் அம்மாவை 'அன்னேஅன்னே' என்பார்கள், நம் அம்மம்மாவைப் போல அம்மாவை இரண்டு தடவை சொல்கிற சொல். அவள் பெரிதாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் அம்மாவின் கதையை மட்டும் சொன்னாள். 1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி ஆள் எடுத்ததே, அதைத் தொடர்ந்து வந்தவர்களில் அவளுடைய தாத்தா பாட்டியும் உண்டு. இருவருக்கும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். கைக்குழந்தையாக இருந்த அவள் அம்மாவைத் துருக்கியின் அனத்தோலியாவில் கொள்ளுப்பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். ஓராண்டு என்று நினைத்தது ஏழு ஆண்டாயிற்று. அப்படி விடப்பட்டும் அனுப்பப்பட்டும் அலைந்த பிள்ளைகளுக்கு இங்கே 'பெட்டிப் பிள்ளைகள்' என்றே பெயர் இருக்கிறது. ஏழு வயதில் விமானத்திலிருந்து இறங்கியபோது பெற்ற தாயைப் பார்த்து அந்தப் பெண் 'டெய்ஸெ' என்று கூப்பிட்டாளாம். சித்தி என்று அர்த்தம். "அதனால்தான் என் அம்மா என் பிள்ளைகளை ஒரு நாள்கூட விடமாட்டேன் என்கிறாள்" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன். அத்தையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் குழந்தையின் வசிப்பு அனுமதி பொதுவாகக் காலாவதியாகிவிடும். நான் அத்தையிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன்.

கடைசியில் மாதம் 890 யூரோவுக்குத் தனியார் கீட்டா ஒன்று கிடைத்தது, ஏப்ரல் நடுவில். மே 2 முதல் வேலை. இரண்டு வாரம் இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் நாள் அரை மணி நேரம், பெற்றவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள் பத்து நிமிடம் வெளியே போய் நிற்கலாம். அழுதால் மறுபடி முதலிலிருந்து. குழந்தையைப் பழக்குவதற்கு இங்கே முறையான நடைமுறை இருக்கிறது, அவசரப்படுத்த முடியாது. எங்கள் மகனுக்கு ஐந்து வாரம் பிடித்தது. என் ஆண்டு விடுப்பில் 12 நாள், கணவருடையதில் 8 நாள் கரைந்தது. இந்த வாரங்களுக்குத்தான் ஒரு பாட்டி வேண்டும், அல்லது அப்பாவின் அந்த இரண்டு மாதம். முறை நல்ல முறைதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் வாரம் அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினான், நான்தான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

தனியார் கட்டணத்தைப் பற்றிப் புலம்பியபோது, அதே துருக்கித் தோழிதான் சட்டத்தைச் சொன்னாள். 2013 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பு இடம் கேட்க உரிமை இருக்கிறது. இடம் தராமல் நகராட்சியின் தவறால் சம்பளம் போனால் ஈடு கேட்கலாம் என்று 2016 அக்டோபரில் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் போகும் தெம்பெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் எங்கெங்கே எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று பட்டியலோடு, காப்பக இடத்துக்குப் பொறுப்பான இளைஞர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலுக்கு ஒரு தேதியும் குறித்தேன். டிசம்பரில் நகராட்சிக் கீட்டாவில் இடம் வந்தது. ஏழு மாதக் கூடுதல் கட்டணம் 4,100 யூரோ அதற்குள் போய்விட்டது. அந்தக் கடிதத்தை அந்த நவம்பரிலேயே, முதல் மறுப்பு வந்த அன்றே எழுதியிருக்கலாம். 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு மின்னஞ்சலையும் அழிக்காமல் வையுங்கள்.

அப்புறம் குளிர்காலம். இதை விவரித்தால் பயந்துவிடுவீர்கள். அக்டோபரில் தொடங்கிய மூக்கொழுகல் பிப்ரவரியில்தான் நின்றது. நடுவில் கை, கால், வாயெல்லாம் கொப்புளம், காதுவலி, வாந்தி. காலை பத்தரைக்குக் கீட்டாவிலிருந்து போன் வந்தால் யார் எடுப்பது என்பதே வீட்டில் தினச் சண்டை. அரசுக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்கு 2024 முதல் ஒரு குழந்தைக்கு ஆண்டில் 15 நாள், பிள்ளையின் காய்ச்சலுக்காக வீட்டில் இருக்கலாம், சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பீடு தரும். என்னுடைய பதினைந்து நாளும் நவம்பர் நடுவில் தீர்ந்துவிட்டது. கணவர் சம்பளம் உயர்ந்ததும் சிக்கனம் என்று தனியார் காப்பீட்டுக்கு மாறியிருந்தார், காப்பீடு பணம் தரும் அந்த நாட்கள் அவருக்குக் கிடையாது. மாறும்போது இருவருமே இதைப் படிக்கவில்லை. ஒரு நாள் மகன் 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் மடியில் கிடக்க, மறு கையால் நான் அறிக்கை தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த அறையில் காதில் ஹெட்போனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அன்று தொடங்கி ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. ரசம் வைத்தேன், மேசையில் வைத்தேன், பேசவில்லை.

பிப்ரவரியில் தோற்றுப்போய் 60 சதவீத வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுதானே! போட்டுவிட்டு வந்தபோது எங்கள் பிரிவில் மூத்த பெண்மணி, கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸில் பிறந்தவர், ஒரே கேள்வி கேட்டார். "தேதி போட்டாயா?" இல்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 2019 முதல் இங்கே 'பாலம்' போன்ற பகுதி நேர வேலை என்று ஒன்று உண்டு. 45 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஆறு மாதத்துக்கு மேல் பணியில் இருப்பவர், ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு பழைய நேரத்துக்கே திரும்பலாம். மூன்று மாதம் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். தேதி போடாமல் குறைத்தால் திரும்பிவரும் உறுதி இல்லை, அதைத்தான் நான் செய்திருந்தேன். இந்த ஊர்ப் பெண்ணின் கணவர் மேலாளர், வீடு சொந்தம், மாமியார் கீழ்த்தளம். அவளுக்குப் பாதி நேரம் போதும். எங்களுக்கு வீட்டுக்கடன் திண்டுக்கல்லிலும் வாடகை ஸ்டுட்கார்ட்டிலும்.

அந்த மூத்தவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய அம்மா ஒரு நெசவாலையில் வேலை. கிழக்கில் ஏறக்குறைய எல்லாத் தாய்களும் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் காப்பகத்தில். மாதத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு 'வீட்டு வேலை நாள்' என்று பெண்களுக்கு விடுப்பு உண்டாம். 1986 முதல் முதல் குழந்தைக்கே ஓராண்டு விடுப்பு, இவர் 1988-இல் அதை எடுத்தார். ராபென்முட்டர் என்ற சொல்லை ஜெர்மனி ஒன்றான பிறகு மேற்கத்தியர் வாயிலிருந்துதான் கேட்டதாகச் சொன்னார். "அப்படியென்றால் உங்களுக்குச் சுலபமாக இருந்ததா?" என்றேன். சிரித்தார். "அந்த வீட்டு வேலை நாளில் நாங்கள் என்ன செய்தோம் என்று நினைக்கிறாய்? துணி துவைத்தோம். கணவன்மார்களுக்கு அப்படி ஒரு நாள் தேவைப்படவே இல்லை." பிரான்ஸ் தோழியும் அதே மேசையில் முனகினாள். அவர்கள் நாட்டில் மூன்று வயதில் பள்ளி கட்டாயம்தான், ஆனால் பல ஊர்களில் புதன்கிழமை வகுப்பு கிடையாது. அந்தப் புதன்கிழமையை யார் பார்ப்பது? அவள்தான்.

உண்மையில் எனக்கு உதவிய யோசனை ஸ்வீடன் கிளையில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது, அதுவும் கூட்டம் தொடங்கக் காத்திருந்த ஐந்து நிமிடத்தில். அங்கே பெற்றோருக்குச் சேர்த்து 480 நாள் விடுப்பு, அதில் 90 நாளை அப்பா எடுக்காவிட்டால் போயே போயிற்று, மனைவிக்கு மாற்ற முடியாது. அவள் கணவன் எட்டு மாதம் தனியாகப் பிள்ளையோடு இருந்தானாம். "தனியாக என்பதுதான் முக்கியம். நீ வீட்டில் இருந்தால் அவன் உன் உதவியாளன். நீ இல்லாவிட்டால்தான் அப்பா." எங்கள் வீட்டில் இரண்டு மாத விடுப்பில் கணவர் செய்தது அம்மாவுக்கு மளிகை வாங்கிவந்ததும் என்னைக் கேட்டுக் கேட்டு டயப்பர் மாற்றியதும்தான். அவர் மேல் மட்டும் பழியில்லை. அவர் தூக்கும் முறை சரியில்லை என்று பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கியது நானும் அம்மாவும்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும் அவர் முறை என்று வைத்தோம். கீட்டாவில் கொடுத்திருந்த எண்களின் வரிசையையே மாற்றினோம், அந்த நாட்களில் முதல் போன் அவருக்கு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதற்காகச் சண்டை போட்டது போல வேறெதற்கும் போடவில்லை. முதல் செவ்வாய் மகன் இரண்டு காலிலும் வேறு வேறு சாக்ஸோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிரெட்ஸெல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டேன். கேட்டுக் கேட்டு 2026 ஜனவரியில் எனக்கு 80 சதவீதம் கிடைத்தது. இந்தத் தடவை காகிதத்தில் தேதி இருக்கிறது. அம்மா 2025 மே மாதம் ஓய்வு பெற்றார். உடனே வா என்று கூப்பிடவில்லை, ஆகஸ்டில் கீட்டா மூன்று வாரம் மூடும் நேரத்துக்கு வரவழைத்தோம்.

போன வியாழக்கிழமை காலை கீட்டாவிலிருந்து செய்தி வந்தது, ஆள் பற்றாக்குறை, இன்று மதியம் ஒரு மணிக்கே மூடுகிறோம் என்று. அப்போது அம்மா திண்டுக்கல்லிலிருந்து காணொளியில் இருந்தார். "என்னம்மா, கீதா இன்னைக்கு லீவாமா? நீ கிளம்பணுமா?" என்று கேட்டார். வியாழன்தானே, நான் கிளம்பவில்லை.